ஏழு மூணு ஒண்ணு

ஏப்ரல் 12, புதன்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். பாலக்கரை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து படியிறங்கும்போது கல்லூரி ஆசிரியை ஒருத்தி வழிமறித்தாள். பார்வையில்லாத ஒரு பெண் பி.எஸ்சி. கடைசிப் பரீட்சை எழுதுகிறாளாம், எண் கோட்பாடு என்று ஒரு தாளாம். அவள் சொல்லச் சொல்ல எழுதித்தர ஆள் வேண்டுமாம்.

"எனக்குக் கணக்கு வராதேம்மா" என்றேன்.

"அதுதாங்க வேணும். கணக்கு தெரிஞ்சவங்க எழுதக் கூடாதுன்னு விதி இருக்கு" என்றாள்.

அறுபத்தாறு வயதில் எனக்கு ஒரு தகுதி இருக்கிறதென்றால் அது ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான். வீட்டுக்கு வந்து சொன்னால் ஜெசிந்தா சிரிக்கிறாள். ஜெசிந்தா என் தங்கை. தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வீட்டுக்காரர் போனபிறகு என்னோடுதான் இருக்கிறாள். "உனக்கு எதுக்குக்கா இந்த வேலை?" என்று கேட்டாள். எதுக்கா? முப்பத்து நாலு வருஷம் டெலிபோன் ஆபீஸில், முதலில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டிலும் பிறகு எண் விசாரணையிலும் உட்கார்ந்தவள் நான். திருச்சி ஜில்லாவே என் காதில் எண் சொல்லியிருக்கிறது. ஒரே ஒரு எண்ணைக்கூட நான் தப்பாக எழுதியதில்லை. ஒரு பெண் சொல்வதை எழுத எனக்கு வராதா?

ஏப்ரல் 15, சனி

பழகிப் பார்க்கலாமென்று அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரச்சொன்னேன். பெயர் தமயந்தி, துறையூர்ப் பக்கம். விடுதித் தோழி ஒருத்தி கொண்டுவந்து விட்டுப் போனாள். ஒல்லியான உடம்பு, வாய் மட்டும் ஆறு முழம். உட்கார்ந்ததும், "மேடம், உங்க வீட்ல பலாப்பழம் இருக்கு" என்றாள். கொல்லைப்புறத்தில், சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தது அது. பிறகு வெட்டிக் கொடுக்காமல் இருக்க முடியுமா?

சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருக்கிறதாம். பார்வையில்லாத ஒருத்தியைக் கணக்குக்கு எடுப்பது அங்கே இதுதான் முதல் தடவை. ஜூன் முப்பதுக்குள் எல்லாத் தாளிலும் தேறியதற்குச் சான்று காட்டாவிட்டால் இடம் போய்விடும். இங்கே சேரும்போது துறைத்தலைவர், "கண்ணு தெரியாதவங்க தமிழ் எடுக்கலாம், வரலாறு எடுக்கலாம். இதென்ன பிடிவாதம்?" என்றாராம். "ஒரு தாள்ல போச்சுன்னா, அன்னைக்கே சொன்னேனேம்பாரு மேடம்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுதிப் பழகலாம், ஏதாவது சொல்லு என்றேன். சொன்னாள் பாருங்கள்.

"முப்பத்தொண்ணு ஒரு பகா எண். ஒண்ணையும் தன்னையும் தவிர வேற எதாலயும் வகுபடாது. முந்நூத்தி முப்பத்தொண்ணும் பகா எண். மூவாயிரத்து முந்நூத்தி முப்பத்தொண்ணும் பகா எண். இப்படி முன்னால ஒவ்வொரு மூணா சேர்த்துக்கிட்டே போனா, மூணு கோடியே முப்பத்து மூணு லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூத்தி முப்பத்தொண்ணு வரைக்கும் அத்தனையும் பகா எண்."

"அம்மா தாயே, இவ்வளவு நீட்டி முழக்கினா எழுதி முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிருவான். சுருக்கமா சொல்லிப் பழகு" என்றேன்.

"சரிங்க மேடம். ஆனா கதையைக் கேளுங்க. இந்த மூணு கோடிச் சொச்சம் பகா எண்தான்னு கையால நிரூபிக்கணும்னா எழுநூத்துக்கு மேல வகுத்துப் பாக்கணும். அவ்வளவு கெட்டியான எண். ஏழு எண் வரிசையா இப்படியே வருது. அடுத்து இன்னொரு மூணைச் சேர்த்தா அதுவும் பகா எண்ணாத்தான் இருக்கும்னு தோணும்ல? இருக்காது. பதினேழு வந்து உடைச்சிடும். ஏழு தடவை சரியா வந்துச்சேன்னு எட்டாவது தடவையை நம்பக் கூடாது."

"நான் முப்பத்து நாலு வருஷம் ஒரு நம்பரைத் தப்பா எழுதலைம்மா. இனியும் எழுத மாட்டேன்."

"அது நிரூபணம் இல்லீங்க மேடம். பழக்கம்."

பலாச்சுளையை வாயில் வைத்துக்கொண்டு சொல்கிறாள். வந்த கோபத்தில் அவள் கதையை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். இதற்கு நடுவில் சோறு வேறு குழைந்துபோயிற்று. மூன்று விசிலில் இறக்க வேண்டும். மூன்றாவது வரவே இல்லை என்று நான் உட்கார்ந்திருக்கிறேன். ஜெசிந்தா கடையிலிருந்து வந்து, தெருமுனையிலிருந்தே எட்டு எண்ணினேன் என்கிறாள். குக்கரை மாற்ற வேண்டும், விசில் சரியில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

கோயிலில் மைக் சரியில்லை. சாமியார் பிரசங்கம் முழுக்க முணுமுணுப்பு. மற்றவர்கள் எப்படித்தான் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ.

ஏப்ரல் 19, புதன்

பரீட்சை முடிந்தது. தனி அறை கொடுத்திருந்தார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கொடுத்தார்கள். மின்விசிறி ஒன்று கடகடவென்று, இப்போது விழவா பிறகு விழவா என்று கேட்டுக்கொண்டே சுற்றியது. மேஜையின் வலப்பக்கம் சுவர். அதனால் தமயந்தி என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். வீட்டில் அவ்வளவு கணீரென்று பேசியவள், பக்கத்து அறைக்குக் கேட்டுவிடுமென்று குரலைத் தழைத்துக்கொண்டாள். நாலைந்து தடவை, "என்ன? என்ன சொன்னே?" என்று கேட்டேன். அதற்கு அந்த மேற்பார்வையாளன் எழுந்து வந்து, "சொல்றதை எழுதறதுக்கு எதுக்கு இத்தனை பேச்சு? இன்னொரு தடவை கேட்டீங்கன்னா வேற ஆளைப் போடச் சொல்லி எழுதிருவேன்" என்கிறான். என் மகன் வயதிருக்கும் அவனுக்கு, எனக்கு மகன் இருந்திருந்தால். அதன்பின் நான் வாயே திறக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் எழுதினேன்.

எட்டாவது கேள்விக்குப் பத்து மதிப்பெண். அன்றைக்குச் சொன்ன அதே மூன்று, ஒன்று சமாச்சாரம் போலிருக்கிறது. "731 பகா எண். 831 பகு எண். ஏனெனில் 831 = 17 × 19607843" என்று எழுதினேன். எண்ணூற்றுச் சொச்சத்துக்குள் ஒரு கோடி எப்படி நுழையும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பெரிய படிப்பு, அதில் என்னவாவது இருக்கும். எழுதுகிறவள் வாய் திறக்கக் கூடாது என்பதுதானே விதி.

கடைசியில் "ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க மேடம்" என்றாள். எக்ஸ்சேஞ்சில் படிப்பதுபோல இலக்கம் இலக்கமாகப் படித்தேன். "ஏழு மூணு ஒண்ணு பகா எண். எட்டு மூணு ஒண்ணு பகு எண்." "ஆமாங்க மேடம், கரெக்ட்" என்றாள். நேரம் போதாமல் இரண்டு கேள்விகள் விட்டுப்போயின. மற்றபடி எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஏப்ரல் 27, வியாழன்

ஜெசிந்தா இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். காலையில், பால் புளித்துவிட்டது என்றாள். அரை லிட்டர் பாலையும் எடுத்துச் சாக்கடையில் ஊற்றினேன். வந்து பார்த்துவிட்டுக் குதிக்கிறாள். "மாங்கா தின்னதுல பல்லு புளிக்குதுன்னு சொன்னேங்கா!" பல்லுக்கும் பாலுக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசினால் நான் என்ன செய்வது? மதியம் வரை கடுங்காப்பிதான்.

ஜூன் 9, வெள்ளி

தேர்வு முடிவு வந்துவிட்டது. மற்றதெல்லாம் அறுபதுக்கு மேல். எண் கோட்பாட்டில் மட்டும் எழுபத்தைந்துக்கு இருபத்து நாலு. முப்பது வேண்டும்.

அந்த ஆசிரியைதான் போன் பண்ணினாள். தமயந்தி அழுகிறாளா என்று கேட்டேன். இல்லையாம், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பம் போடப் போயிருக்கிறாளாம். நவம்பரில் மறுபடி எழுதலாம்தான். ஆனால் நவம்பர் வரைக்கும் சென்னைக்காரன் இடத்தைப் பிடித்துவைத்துக் காத்திருப்பானா?

என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ. சொன்னதைத்தான் நான் எழுதினேன்.

ஜூன் 13, செவ்வாய்

விடைத்தாள் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தமயந்தி ஆட்டோவில் தனியாகவே வந்துவிட்டாள். உட்காரு என்று சொல்வதற்குள் கேட்டாள்.

"மேடம், ஒரே ஒரு சந்தேகம். எட்டாவது கேள்வியில ஏழு மூணு ஒண்ணுங்கிறதை எப்படி எழுதுனீங்க?"

"எப்படி எழுதறது? ஏழு, மூணு, ஒண்ணு."

"ஏழு மூணு இல்லீங்களா? மூணு, மூணு, மூணுன்னு ஏழு மூணு. கடைசியில ஒண்ணு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஜெசிந்தாதான் நகலை வாங்கிப் பார்த்தாள். பெருக்கலென்றால் அவளுக்குத் திருவிழா. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டு, "பதினேழு நாப்பத்து மூணு எழுநூத்தி முப்பத்தொண்ணு. அப்ப இது பகா எண்ணே இல்லியே. எண்ணூத்தி முப்பத்தொண்ணு பதினேழால வகுபடவும் படாது. வகுபடுறதை வகுபடாதுன்னும் வகுபடாததை வகுபடும்னும் எழுதி வெச்சிருக்கே" என்றாள். ஓரத்தில் திருத்தியவர் சிவப்பில் பெரிய கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறாராம். பூஜ்யத்தின் கீழே இரண்டு கோடு வேறு.

"நான் படிச்சுக் காட்டினேன்ல? ஏழு மூணு ஒண்ணுன்னு படிச்சேன்ல? ஆமா கரெக்ட்னு சொன்னியா இல்லியா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"சொன்னேங்க. நீங்க ஏழு மூணுன்னதும் நான் ஏழு மூணுன்னுதான் நெனச்சேன்."

"எக்ஸ்சேஞ்ச்ல ஏழு மூணுன்னா ஏழு, மூணு. எழுபத்து மூணு."

"வீட்ல ஏழு தோசைன்னா ஏழு தோசைதானே மேடம்?"

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் எனக்கு எதிராக ஒரு கட்சியே சேர்ந்துவிட்டது. "ஆரம்பத்துலயே சரியாச் சொல்லியிருந்தா இந்த வம்பே இல்ல" என்றேன். தமயந்தி கையை நீட்டி நகலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் சொல்றப்ப 'ஏழு தடவை மூணு, கடைசியில ஒரு ஒண்ணு'ன்னுதான் சொன்னேன் மேடம். எட்டையும் அப்படித்தான் சொன்னேன்."

"இல்ல. ஏழு மூணு ஒண்ணுன்னுதான் சொன்னே."

"அப்படியா மேடம்? அப்படிச் சொல்லியிருந்தா என் தப்புதான்."

அத்தோடு எழுந்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. ஆட்டோ ஏற்றிவிட ஜெசிந்தாதான் போனாள்.

ஜூன் 14, புதன்

எழுத ஒன்றுமில்லை. அரிசி மாவு அரைத்தேன்.

ஜூன் 15, வியாழன்

தமயந்தி போன். தேர்வு நெறியாளரைப் போய்ப் பார்த்தாளாம். ஒரு வழி இருக்கிறதாம். எழுதியவர் கேட்டதில் தவறு என்று எழுதியவரே நேரில் வந்து எழுத்தில் கொடுத்தால், அந்தக் கேள்வியை மட்டும் துறைத்தலைவர் முன்னால் வாயால் சொல்லச் சொல்லி மதிப்பெண் போடலாம். இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

"நீங்க வந்து, நான் தெளிவாச் சொல்லலைன்னு எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதுங்களான்னு அவரைக் கேட்டேன் மேடம். அது ஆகாதாம். சொன்னவ தப்புன்னா ஒண்ணும் பண்ண முடியாதாம். படிச்சுக் காட்டி ஒத்துக்கிட்டிருந்தா அதுவும் என் தப்புலதான் சேருமாம்." அப்புறம், "உங்களைக் கஷ்டப்படுத்தறதுக்குச் சொல்லலை. விஷயத்தைச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றாள்.

கேட்டதில் தவறாம்! போர்டில் ஒரே நேரத்தில் நாலு கனெக்ஷனில் காது வைத்தவளிடம். ரிசீவரை வைத்தேன். "ஆனைக்கும் அடி சறுக்கும்கா" என்று பின்னாலிருந்து ஜெசிந்தா உபதேசம் செய்தாள். அவள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்றே எனக்குத் தெரியாது.

ஜூன் 17, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

காலையில் முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா எனக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முன்னால் வந்து நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்னடி?"

"அக்கா, உன் முதுகுல கரப்பான்பூச்சி ஊருதுன்னு மூணு தடவை சொன்னேன்."

நான் கத்தியைப் போட்டுவிட்டு எகிறிக் குதித்தேன். கரப்பானென்றால் எனக்கு உயிர் போய்விடும். அது ஜெசிந்தாவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும்.

"பூச்சியெல்லாம் இல்ல. சும்மாதான் சொன்னேன். மூணாவது தடவை கத்தியே சொன்னேங்கா. நீ அவரைக்காய்க்கு நார் உரிச்சுக்கிட்டு இருந்தே."

வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினேன். விதவைக்குச் சோறு போட்டதற்கு இதுதான் பரிசா என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதிருப்பாள். அழுதாலும் எனக்குக் கேட்டிருக்காது.

அன்றைக்கு அந்தப் பரீட்சை அறையில் நடந்தது இது. மேற்பார்வையாளன் அதட்டிவிட்டுப் போனபிறகு வந்தது எட்டாவது கேள்வி. இடப்பக்கத்திலிருந்து "ஏழு" என்று கேட்டது. பிறகு "மூணு". பிறகு "ஒண்ணு". இவற்றுக்கு நடுவில் வேறு சொற்கள் இருந்தன. இருந்தன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவை என்னவென்று விளங்கவில்லை. திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் திருப்பிக் கேள், ஊகித்து எழுதாதே என்று எத்தனை புதுப் பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! கேட்டால் எழுப்பி அனுப்பிவிடுவானே என்று பயம். அவன் அனுப்புவதுகூடப் பெரிதில்லை. ஏனம்மா உனக்குக் காது கேட்காதா என்று கேட்டுவிடுவானோ என்று பயம். "எழுதிட்டீங்களா மேடம்?" என்றாள் அவள். தலையை ஆட்டினேன். கண் தெரியாத பெண்ணிடம் தலையை ஆட்டினேன்! பிறகு நினைவு வந்து, "எழுதிட்டேன்" என்றேன்.

இடது காது போய் நாலு வருஷம் ஆகிறது. முப்பத்து நாலு வருஷமும் ஹெட்செட் மாட்டிய காது அது. வலது காது பாதி. குக்கர் நன்றாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் ஜெசிந்தாவுக்குக் காப்பி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். "சொன்னது தப்புடி" என்றேன். "திங்கக்கிழமை நானும் கூட வரேன்" என்றாள். நான் போவதாக அவளிடம் சொல்லவே இல்லை.

ஜூன் 19, திங்கள்

தேர்வு நெறியாளர் பெயர் சிதம்பரநாதன். கோப்பைப் பார்த்தபடியே பேசுகிற ஜாதி. தமயந்தியையும் ஜெசிந்தாவையும் வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"எழுதினதைப் படிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"அந்தப் பொண்ணு சரின்னு ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கிட்டா."

"அப்புறம் என்னம்மா? உங்க மேல தப்பே இல்லியே. நீங்க தாராளமா வீட்டுக்குப் போகலாம்."

போகலாம்தான். கதவும் திறந்தே இருந்தது. நான் படித்துக் காட்டினேன், அவள் ஒத்துக்கொண்டாள். அதைச் சொல்லிவிட்டு எழுந்தால் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவள்கூடச் சொல்ல மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இல்லீங்க சார். அவ 'ஏழு தடவை மூணு'ன்னு சொல்லியிருக்கா. எனக்கு நடுவுல இருந்தது கேக்கலை. கேக்கலைன்னு சொல்லாம, கேட்டதை மட்டும் எழுதிட்டேன். நான் எழுதினதைப் படிச்சேன், அவ சொன்னது அவ காதுல விழுந்துச்சு. ரெண்டும் ஒரே மாதிரி இருந்ததுதான் வினை."

அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். உதடு மீசைக்குள் இருந்தது. நான் தலையாட்டப் போனேன். ஆட்டவில்லை.

"சார், கொஞ்சம் நிமிர்ந்து பாத்துச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது."

சொல்லிவிட்டேன். நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், மேஜை மேல் கை வைத்துக்கொண்டு சொன்னேன். முகமெல்லாம் சுட்டது. அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "இதை, உங்க, கையால, எழுதிக், குடுங்க."

எழுதினேன். "என் இடது காது கேட்காது. வலது காது பாதிதான் கேட்கும். இதைத் தேர்வுக்கு முன் கல்லூரிக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டேன். மாணவி சரியாகச் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை, திருப்பியும் கேட்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது." பெயர், கையெழுத்து, தேதி. பிலோமினா என்ற என் பெயரில் கொம்பு கோணிப்போயிற்று.

அப்புறம் துறைத்தலைவரை வரவழைத்தார்கள். தமயந்தி உள்ளே போனாள். கடந்து போகையில் என் தோளைத் தடவிப் பார்த்து, "மேடம்தானே?" என்றாள். கதவைச் சாத்திவிட்டார்கள். ஜெசிந்தா வெட்கமில்லாமல் ஜன்னலோரம் போய் நின்று ஒட்டுக் கேட்டாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கோடிக்கணக்கா நீட்டி முழக்கிச் சொல்றாக்கா" என்று வாயசைத்தாள். "அந்த ஆளு எதுவோ மடக்கிக் கேக்கறான்... இவ விடலை... பதினேழுக்கு வந்துட்டா... வந்துட்டா..." பிறகு அவள் வாயசைப்பது நின்றது. சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துறைத்தலைவர் வெளியே வந்து யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

மதிப்பெண் வெள்ளிக்கிழமைதான் தெரியுமாம். எல்லாவற்றுக்கும் இவர்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை.

ஜூன் 21, புதன்

கல்லூரியிலிருந்து கடிதம். தேர்வு எழுதித் தருவோர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கியிருக்கிறார்களாம். பட்டியலில் இருந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஜூன் 23, வெள்ளி

ஜெசிந்தாவின் தொல்லை தாங்காமல் காலையில் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையொன்றில் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள் ஒரு சின்னப் பெண். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டுமாம். முதலில் இடது காது என்றாள். நானும் பொத்தான் மேல் விரலை வைத்துக் காத்திருந்தேன். காத்திருந்தேன், காத்திருந்தேன். அவள் வெளியே உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வேலையில் ஒரு சுறுசுறுப்பு கிடையாது. பொறுமை போய்க் கண்ணாடியைத் தட்டி, "எப்பம்மா ஆரம்பிப்பே?" என்றேன்.

அவள் உள்ளே வந்து என் வலது பக்கம் குனிந்து சொன்னாள். "இடது பக்கம் முடிஞ்சிருச்சும்மா."

வலது காதுக்கு மெஷின் வைக்கலாமாம். அடுத்த வாரம் வரச்சொன்னார்கள்.

வீட்டு வாசலில் தமயந்தி நிற்கிறாள். பக்கத்தில் விடுதித் தோழி. ஜெசிந்தா என்ன என்ன என்று பறந்தாள். தமயந்தி தடவிக்கொண்டே நேராக என்னிடம் வந்து, எது வலப்பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தக் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"பத்துக்கு எட்டு! மொத்தம் முப்பத்தி ரெண்டு! பாஸ்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், வாசலென்றும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் சென்னைக்குக் கிளம்புகிறாள், அப்பாவும் கூடப் போகிறார். ஜெசிந்தா சேமியாவை வறுக்க உள்ளே ஓடினாள்.

பாயசம் குடிக்கும்போது தமயந்தி ஆரம்பித்தாள். "ரெண்டு மார்க்கை எதுக்குக் கொறைச்சாங்கன்னு நாளைக்குத் துறைத்தலைவரைப் போய்க் கேக்கப் போறேன் மேடம். பதினேழால வகுத்துக் காட்டினேன், எல்லாம் சொன்னேன். எட்டு எப்படி வரும்?"

"அதான் பாஸாயிட்டியே. ஊருக்குப் போற நேரத்துல அந்த ஆளோட வம்பு வேண்டாம், விட்டுடு" என்றேன்.

"விட மாட்டேன்."

"என் கண்ணுல்ல, வேண்டாம்னா வேண்டாம்."

"கேட்டுட்டுத்தான் ரயிலேறுவேன். நீங்களும் வாங்க மேடம், பத்து மணிக்கு."

மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். எவ்வளவு சொல்லி என்ன, இந்தப் பெண் சொன்னால் எங்கே கேட்கிறாள்.